மயில் முத்திரைச் சால்வை

வெண்கோட்டூர் அரசவையில் அம்பலக்கூத்தன் என்றொரு விகடன் இருந்தான். அவன் வாயைத் திறந்தால் அரசன் சிரிப்பான். அவன் சந்தைக்குப் போய் வந்தால் ஊரே சிரிக்கும். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற ஆள், தன் வண்டிக்காளைகள் இரண்டையும் விற்று ஒரு சால்வை வாங்கி வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அது கடல் கடந்து வந்த ஒரு வணிகன் கொண்டுவந்த சால்வை. நெசவு என்னவோ நம்மூர் நெசவு மாதிரிதான். ஆனால் மூலையில், கட்டைவிரல் அகலத்துக்குப் பொன்னிழையில் ஒரு மயில் முத்திரை. விலையெல்லாம் மயிலுக்குத்தான், சால்வை அதோடு கூட வந்தது. "இதைப் போர்த்திக்கொண்டு நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்" என்று சொல்லித்தான் வணிகன் விற்றான். அரசன் மாறவேள் ஒன்று வாங்கினான். உடனே நம் கூத்தனுக்கும் கை பரபரத்தது.

ஒருநாள் சபையில் பொக்கிஷ அதிகாரி தில்லைவிடங்கன் எழுந்தார். கூத்தனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வணிகனிடம் அவருக்குத் தரகு உண்டென்றும் ஊரில் பேச்சு.

"மகாராஜா, சபையில் இருக்கிற நூறு பேருக்கும் மயில் சால்வை வாங்கிவிடலாம். ஏரி மதகைப் புதுப்பிக்க ஒதுக்கிய பொன் அதற்குப் போதும்."

"அப்படியென்றால் மதகு?" என்றான் அரசன்.

"அது தண்ணீருக்குள் கிடக்கிறது. யார் பார்க்கிறார்கள்? சால்வை என்றால் தோளில் கிடக்கும்."

கூத்தன் எழுந்தான். மதகில் ஏற்கெனவே விரிசல். மழைக்காலம் வேறு நெருங்கிவிட்டது. உடைந்தால் கீழே உள்ள வயல்கள் அத்தனையும் போய்விடும்.

"மகாராஜா, அந்தச் சால்வை அவ்வளவு பொன் பெறுமா என்று..." என்று இழுத்தான்.

தில்லைவிடங்கன் இதற்குத்தான் காத்திருந்தார். "நீரே வாங்கியிருக்கிறீரே! பெறாது என்றால் வாங்கிய நீர் முட்டாள். மகாராஜாவும் வாங்கியிருக்கிறார். அவரை என்னவென்று சொல்லப் போகிறீர்?"

அரசன் தன் தோள் சால்வையைத் தடவிக்கொண்டான்.

"கூத்தா, நாளைக் காலையில் பதில் சொல். வாங்கக் கூடாது என்றால் அது ஏன் என்று என் கண்ணுக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நூறு சால்வை வரும். உனக்குச் சபையில் இடம் இருக்காது."

கூத்தன் வீட்டுக்கு நடந்தே போனான். வண்டி இருந்தது, இழுக்கத்தான் காளை இல்லை. புழுதி படாமல் இருக்கச் சால்வைக்கு மேல் ஒரு பழந்துண்டைப் போர்த்தியிருந்தான். மனைவி செங்கமலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, மூஞ்சி தொங்கிப் போச்சு? சால்வை கனக்குதா?"

நடந்ததைச் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இதைப் போர்த்திக்கிட்டு நீங்க போறப்ப ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. நம்ம காளைங்க போறப்பதான் தெருவே நின்னு பாத்துச்சு!"

கூத்தன் சட்டென்று நிமிர்ந்தான். காளைகளை வாங்கிய உப்பு வியாபாரியின் வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் ஒரே கூச்சல். அரசன் இறங்கி வந்தான். கூத்தன் இரண்டு காளைகளையும் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்றின் முதுகில் மயில் சால்வை பளபளத்தது. மற்றது வெறும் முதுகோடு அசைபோட்டது. பின்னால் பாதி ஊர்.

அரசன் முகம் சிவந்துவிட்டது. "நான் போர்த்துகிற சால்வையை மாட்டுக்குப் போர்த்தினாயா?"

தில்லைவிடங்கனுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"ஊரே திரும்பிப் பார்க்கும் என்றான் வணிகன். இப்போது பார்க்கிறது மகாராஜா!" என்றான் கூத்தன். "நானும் இத்தனை நாள் போர்த்திப் பார்த்தேன். தங்கள் முன்னால் வந்தால் மரியாதைக்குத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும். மயில் மடிப்புக்குள் போய்விடும். கோயிலிலும் அப்படியே. தெருவில் புழுதிக்குப் பயந்து மேலே பழந்துண்டு. வீட்டுக்குள் போனால் மனைவி பிடுங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறாள். ஆக, அதை ஒழுங்காகப் பார்த்த ஒரே ஆள் உப்பு வியாபாரிதான். என் காளைகளை ஓட்டிக்கொண்டு எதிரே வருவார். நடந்து போகிற என்னைப் பார்ப்பார். துண்டுக்குள் எட்டிப் பார்க்கிற மயிலைப் பார்ப்பார். சிரிப்பார்."

கூட்டத்தில் நின்ற உப்பு வியாபாரி இப்போதும் சிரித்தார்.

"காளைக்கு அந்தத் தொல்லை இல்லை" என்றான் கூத்தன். "யார் முன்னாலும் சால்வையை இறக்க வேண்டாம்."

"சபையில் தோளிலேயே போட மகாராஜா அனுமதி தருவார்!" என்றார் தில்லைவிடங்கன்.

"அப்படியென்றால் நூறு பேர் தோளிலும் மயில் இருக்குமே ஐயா. யார் யாரைத் திரும்பிப் பார்ப்பது?"

அரசன் மீசையைத் தடவினான். "சரி, உன் சால்வையை யாரும் பார்க்கவில்லை. நான் யார் முன்னாலும் இறக்குவதில்லையே. என் சால்வையை எல்லோரும் பார்த்திருப்பார்களே?"

கூத்தன் கைகட்டி நின்றான். "தங்களைக் கண்டதும் நாங்கள் தலை குனிந்துகொள்கிறோம் மகாராஜா. தங்கள் காலில் கிடக்கிற மரப் பாதக்குறட்டைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறோம். வலது குறட்டில் விரலிடுக்கில் பிடிக்கிற குமிழ் ஆடுகிறது."

அரசன் குனிந்து பார்த்தான். காலை அசைத்தான். குமிழ் ஆடத்தான் ஆடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பொன் மதகுக்கே போகட்டும். தில்லைவிடங்கரே, வேலை முடியும்வரை நீரே தண்ணீரில் இறங்கி நின்று பார்த்துக்கொள்ளும். மதகை யாராவது பார்க்க வேண்டுமல்லவா? கூத்தா, உன் காளைகளை நானே மீட்டுத் தருகிறேன்."

சொல்லிக்கொண்டே தன் தோள் சால்வையை எடுத்தான். கூத்தன் அலறிவிட்டான்.

"மகாராஜா, எனக்கு இன்னொரு சால்வையா? வேண்டவே வேண்டாம்!"

"உனக்கு யார் கொடுத்தது?" என்ற அரசன், வெறும் முதுகோடு நின்ற காளையின் மேல் அதைப் போர்த்தினான். "ஒரு முட்டாள் வாங்கியது அதன் மேல் கிடக்கிறது. இன்னொரு முட்டாள் வாங்கியது இதன் மேல். இப்போதுதான் ஜோடி சரியாயிற்று!"