நிஜ யாளி நடந்த விதம்

மகரகேது மகாராஜாவின் நாட்டில் எல்லாம் இருந்தது. அரண்மனை, அந்தப்புரம், அகழி. அரண்மனைக்கென்றே ஒரு டிவி சேனலும் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதில் ராஜாவின் முப்பாட்டனார் யாளி மேலேறிப் பகைவரை விரட்டுவார். முப்பாட்டனாராக நடிக்க ஆள் கிடைத்துவிட்டது. யாளிக்குத்தான் கிடைக்கவில்லை.

அதனால் கம்ப்யூட்டரில் யாளி செய்ய அல்லிமுத்துவை ஆஸ்தானத்தில் அமர்த்தினார்கள். யாளியின் படத்துக்குள் எலும்பு கோத்து, மூட்டு வைத்து, அதை நடக்க வைப்பது அவன் வேலை. ஊர் தூங்கும்போது அவனும் அவன் ஆட்களும் விழித்திருப்பார்கள். அதை யாரும் பார்த்ததில்லை. காலையில் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, குடிகாரப் பயல்கள் என்றார்கள்.

கலாச்சார மந்திரி சண்பகராயருக்கு ஒரு மைத்துனன். மைத்துனனுக்கு ஒரு கம்ப்யூட்டர் படக் கம்பெனி. கம்பெனிக்கு வேலை இல்லை. ஆகவே அல்லிமுத்து யாளியைக் காட்டும்போதெல்லாம் மந்திரி உதட்டைப் பிதுக்குவார்.

"பரவாயில்லை. ஆனால் நிஜ யாளி மாதிரி இல்லையே."

வாலை மாற்றினான். "ம்ஹூம்." தும்பிக்கையை மாற்றினான். "முந்தையதே தேவலை." முந்தையதைக் கொண்டுவந்தான். "இதுவா? இதற்கும் முந்தையதப்பா!"

ராஜாவுக்கே பொறுமை போயிற்று. "அல்லிமுத்து, வரும் வெள்ளிக்கிழமை யாளி நிஜமாக நடக்க வேண்டும். இல்லையென்றால் நீயும் உன் ஆட்களும் மூட்டையைக் கட்டலாம். வேலை மந்திரியின் மைத்துனனுக்கு."

ஆட்களுக்கு முகம் செத்துவிட்டது. அல்லிமுத்து கைகூப்பினான்.

"உத்தரவு அரசே. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மிருகத்தைக் கண்ணால் கண்ட ஒருவர் முதலில் நடந்து காட்டுவார். அதைப் படம்பிடித்துவைத்து, பார்த்துப் பார்த்து மிருகத்தை நடக்க வைப்போம். நாங்கள் கண்டதெல்லாம் கோயில் தூணில் உள்ள கல் யாளி. அது நகராது. நிஜ யாளியைக் கண்டவர் இந்தச் சபையில் ஒருவர்தான்."

"யாரப்பா அது?"

"மந்திரியார்தான். பார்க்காமலா இத்தனை நாள் 'மாதிரி இல்லை, மாதிரி இல்லை' என்றிருப்பார்?"

ராஜா திரும்பினார். "பார்த்திருக்கிறீரா, ஓய்?"

இல்லை என்றால் இதுவரை சொன்னதெல்லாம் பொய். மந்திரி இழுத்தார். "சின்ன வயதில்... காட்டில்... கொஞ்சம் தூரத்தில்..."

"நடந்து காட்டும்!"

சண்பகராயர் நாலுகாலில் இறங்கினார். தொந்தி தரையைத் தொட்டது. சரிந்த பட்டு அங்கவஸ்திரத்தை அடிக்கொருதரம் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். முட்டி வலித்தபோது "அம்மாடி" என்றார். கேமராக்கள் ஒன்றையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை. திரையில் யாளி வந்தது. சிங்க முகம், யானைத் தும்பிக்கை. தொந்தியால் தரையைப் பெருக்கிக்கொண்டே நடந்தது. அடிக்கொருதரம் நின்று, இல்லாத அங்கவஸ்திரத்தைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டது. பகைவரைக் கண்டதும் "அம்மாடி" என்று கர்ஜித்தது.

சபை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டது. மந்திரி துள்ளி எழுந்தார். "அநியாயம்! யாளி இப்படியா நடக்கும்?"

"எந்த இடத்தில் தவறு என்று தெரியவில்லையே, ஐயா," என்றான் அல்லிமுத்து பணிவாக. "இன்னொரு தரம் நடந்து காட்டுகிறீர்களா?"

மந்திரி முட்டியைத் தடவினார். "வேண்டாம், வேண்டாம். நிஜ யாளி இதேதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன வேண்டும், கேள்!"

"தூக்கம், அரசே."

"தந்தோம்! எல்லோரும் ஒரு வாரம் தூங்குங்கள். அதற்கப்புறம் யாளி அரண்மனைக் குளத்தில் நீந்த வேண்டும்."

சபை முழுக்க மந்திரியைத் திரும்பிப் பார்த்தது. ஆசனம் காலியாக இருந்தது.