எண்பத்திரண்டு அடியேன்களும் ஒரு நானும்

ஆவணி பதினேழாம் தேதி, பொழுது விடிந்து ஐந்து நாழிகை. தாழையூர் அரசவையில் அரசரைத் தவிர எண்பத்து மூன்று பேர் கூடியிருந்தார்கள். அதில் எண்பத்திரண்டு பேர் 'அடியேன்'. மிச்சமிருந்த ஒருத்தியின் பெயர் தில்லைநாச்சி.

மக்கள் அனுப்பும் விண்ணப்ப ஓலைகளை அரசருக்கு வாசித்துக் காட்டுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அவளும் 'அடியேன்' என்றுதான் சொல்லி வந்தாள். தாழையூர்ச் சட்டம் அப்படி. அரசர் நெடுவேங்கைராயர் தம்மை 'நாம்' என்பார். மற்ற எல்லோரும் 'அடியேன்' என்று சொல்ல வேண்டும். 'நான்' என்று யார் சொன்னாலும் சரி, பொழுது சாய்வதற்குள் நாட்டு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

அன்று அவள் ஓர் ஓலையை வாசித்து முடித்தபோது, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அரசர் நிமிர்ந்தார்.

"அருமை! யார் வாசித்தது?"

"அடியேன்" என்றார் பிரதானி குழைக்காதர். அவர் வாசிக்கவில்லை. ஆனால் பாராட்டு வருகிறது என்றால் அவருக்கு அது தானாக வாயில் வந்துவிடும்.

"அடியேன்" என்றார் படைத்தலைவர்.

பின்வரிசையிலிருந்து இன்னும் இரண்டு அடியேன்கள் வந்தன.

தில்லைநாச்சி எழுந்தாள்.

"நான்" என்றாள்.

குடை பிடிப்பவரின் கையிலிருந்து குடை நழுவி அரசர் தலையில் விழுந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"நாச்சி! வாய் தவறிவிட்டதா?" என்றார் அரசர்.

"பதினோரு வருடமாகத் தவறிக்கொண்டிருந்தது, அரசே. இன்றைக்குத்தான் சரியாக வந்தது."

"திமிர்! பொழுது சாய்வதற்குள் 'அடியேன்' என்று சொல், மன்னிக்கிறோம். இல்லையென்றால் எல்லையைத் தாண்டு." அரசர் எழுந்தார். "நாம் சாப்பிடப் போகிறோம்."

தில்லைநாச்சி ஓலையைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

"என்ன இது?"

"'நாம் சாப்பிடப் போகிறோம்' என்று என்னைப் பார்த்துத்தானே சொன்னீர்கள்? நான் வேண்டாம் என்றால் 'நாங்கள்' என்றல்லவா சொல்லியிருப்பீர்கள்?" பரிமாறுபவர் பக்கம் திரும்பினாள். "ஐயா, பருப்பு இன்னும் கொஞ்சம்."

இலக்கணம் அவள் பக்கம் இருந்தது. பாயசமும் அவள் பக்கம் போயிற்று.

"நாம் ஊர்வலம் போகிறோம்" என்றார். அவள் பல்லக்கில் ஏறிக்கொண்டாள். திரும்பி வந்ததும், "நாம் சற்றுப் படுக்க..." என்று தொடங்கியவர், அவளைப் பார்த்துவிட்டுப் படுக்காமலே இருந்தார்.

பொழுது சாய இரண்டு நாழிகை இருந்தது. வேர்த்து வழிய அரசர் கத்தினார்:

"போதும்! இனிமேல் 'நாங்கள்' என்றே சொல்வோம். அதில் நீ கிடையாது!"

"கிடையாதுதான், அரசே. வேறு யார் யார் உண்டு?"

"அடியேன் உண்டு!" என்று குழைக்காதர் இரண்டடி முன்னால் வந்தார். அவரை விட்டுவிடுவார்களா மற்றவர்கள்? "அடியேனும்! அடியேனும்!"

"தொலையுங்கள்! நாங்கள் குளிக்கப் போகிறோம்!"

அரசர் போய்ப் பார்த்தால் தொட்டியைச் சுற்றி எண்பத்திரண்டு பேர் துண்டோடு நிற்கிறார்கள். படைத்தலைவர் அதற்குள் எண்ணெய் தேய்த்துவிட்டார். குழைக்காதர் ஒரு காலை நீருக்குள் விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியே போங்கள்!" அரசர் துள்ளினார். "நான்! நான் மட்டும்! நான் தனியாகக் குளிக்கப் போகிறேன்!"

துண்டுகள் அசையவில்லை. வாசலில் நின்ற தில்லைநாச்சி கேட்டாள்:

"பிரதானியாரே, சரியாகக் காதில் விழவில்லை. அரசர் தம்மை என்னவென்று சொன்னார்?"

குழைக்காதர் யோசித்தார். 'நான்' என்றார் என்று சொன்னால் அரசர் எல்லையைத் தாண்ட வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அரசர்... 'அடியேன்' என்றார், அம்மா."

"யாரய்யா அடியேன்?" அரசர் சீறினார். "நான் 'நான்' என்றேன்!"

"இதோடு ஐந்து, அரசே" என்றாள் தில்லைநாச்சி. "என்னுடையது இரண்டுதான். பொழுது சாயப்போகிறது. எல்லை வரை நாம் சேர்ந்தே போகலாம்."

அரசர் அவளைப் பார்த்தார். துண்டுகளைப் பார்த்தார். பிறகு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏழு வயதில் முடிசூட்டினார்கள். அதற்குப் பிறகு இன்றுதான் சொல்கிறேன். நான்." இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். "நான். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது."

சட்டம் அங்கேயே ரத்தாயிற்று. அரசர் மோதிரத்தைக் கழற்றி, 'நாம் தந்தோம்' என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "நான் தருகிறேன்" என்று தில்லைநாச்சியிடம் நீட்டினார்.

முதலில் குடை பிடிப்பவர்தான் தொண்டையைக் கனைத்தார். "நான்... நான் இடது கைக்காரன்." பதினாறு வருடமாக வலக்கையில் பிடித்த குடையை மாற்றிக்கொண்டார். அன்றைக்குப் பிறகு அது நழுவவில்லை.

"நான் கோழியைக் கண்டால் ஓடுவேன்!" என்றார் படைத்தலைவர். சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

குழைக்காதர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காலைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு சித்திரை மூன்றாம் தேதி அவையில் ஓர் ஓலை வந்தது. தில்லைநாச்சி வாசித்தாள்: 'நான் குழைக்காதன். எனக்கு இந்த உத்தியோகம் ஒருநாளும் பிடித்ததில்லை. நான் வாழைத்தோட்டம் போடப் போகிறேன்.'