முதல் உருப்படி

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாமல் கேளுங்கள்.

கோயம்புத்தூர் கணபதியில் தண்டபாணியும் அவர் மனைவி மரகதமும் பம்ப் பட்டறை நடத்தினார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புது மாடல் எதுவானாலும் முதல் உருப்படி அவர்கள் தோட்டத்துக் கிணற்றில்தான் இறங்கும். கெட்டால் நம் வாழை காயட்டும், அடுத்தவன் வாழை காயக்கூடாது என்பது அவர்கள் எண்ணம்.

கொரோனா வந்தது. பம்ப் வாங்க ஆளில்லை. கார் வைப்பர் மோட்டாரைக் கொண்டு மூச்சுப் பையை அமுக்கும் மலிவான வென்டிலேட்டர் ஒன்றை மரகதம் செய்தாள். பையை அமுக்க இரும்புக் கை வைத்த அது ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நன்றாகவே ஓடியது. விலை இன்னும் குறையட்டும் என்று பிளாஸ்டிக் கை வைத்து இன்னொன்று செய்து கொடுத்தாள். அது பட்டறையில் ஓடியது, நோயாளியிடம் இன்னும் ஓடவில்லை.

அதற்குள் தண்டபாணிக்கே நோய் கண்டு அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு காலை அவருக்கும் தாராபுரத்து லாரி ஓட்டுநர் ஒருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சுத் திணறியது. டாக்டர் ஷமீனா போன் செய்தார்.

"பழைய மெஷின் ஒண்ணு, புதுசு ஒண்ணு, அவ்வளவுதான்மா இருக்கு. உங்க வீட்டுக்காரர் நெனவோடதான் இருக்கார், சொன்னா தலையாட்டுறார். எதை யாருக்குப் போடட்டும்?"

பக்கத்தில் நின்ற கொழுந்தன் சென்னியப்பன் துடித்தான். "பழசை அண்ணனுக்குப் போடச் சொல்லுங்க அண்ணி! தனக்கு மிஞ்சித்தான் தானம்."

"மொத உருப்படி நம்மளுக்குத்தானுங்க, டாக்டரம்மா" என்றாள் மரகதம்.

டாக்டர் அப்படியே செய்தார். மத்தியானம் பிளாஸ்டிக் கை முறிந்தது. நர்ஸ் ஓடிவந்து பையைக் கையால் அமுக்கியும் பலனில்லை. ஓட்டுநர் பிழைத்து வீடு போனார். தண்டபாணியின் உடலை, மரகதத்தைத் தூரத்தில் நிறுத்தித்தான் காட்டினார்கள். சென்னியப்பன் அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை.

வழக்கத்தைக் காத்த மரகதமா, அண்ணனுக்காகப் பேசிய சென்னியப்பனா, சொன்னபடி செய்த டாக்டரா? இதில் யார் செய்தது சரி?

விடை: என்னைக் கேட்டால் மூவர் செய்ததுமே தவறு. கிணறு வீட்டுக்குச் சொந்தம், மூச்சு தண்டபாணிக்குச் சொந்தம். கேட்க வேண்டிய ஆள் கட்டிலில் இருக்க, டாக்டர் மரகதத்துக்குப் போன் செய்தார். தண்டபாணியைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அப்போது அது அவராகக் கொடுத்ததாக இருந்திருக்கும். மரகதத்திடம் இதைச் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள். அடுத்த மெஷினுக்கு இரும்புக் கையே பொருத்தியிருந்தாள். அதன் முகமூடியைத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.