கத்திமீனின் ஓயாத துடிப்பு

அந்தக் காலத்தில், மீன்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, அமேசான் காட்டின் கலங்கல் ஆறு ஒன்றில் யாரா, இபி என்று இரண்டு கத்திமீன்கள் இருந்தன. அக்கா தங்கை. இருவருக்கும் வாலுக்குள் ஒரு சின்ன மின்சாரம் துடிக்கும். அது தண்ணீரில் பரவி, எதிரே கல் இருந்தால் கல், வேர் இருந்தால் வேர் என்று தோலுக்குச் சொல்லிவிடும். கண்ணால் ஒரு பயனும் இல்லாத அந்த ஆற்றில் அதுதான் அவர்களுக்குப் பார்வை.

அக்காவின் துடிப்பு நிதானம், தங்கையுடையது படபடப்பு. அப்போதெல்லாம் வேண்டும்போது துடிக்கலாம், வேண்டாதபோது நிறுத்தலாம். முதுகில் துடுப்பும் உண்டு, உடம்பும் நன்றாக வளையும். ஆனால் யாராவுக்கு நிம்மதி மட்டும் கிடையாது. தங்கை ஒரு நொடி துடிப்பை நிறுத்திவிடக் கூடாது, உடனே தேட ஆரம்பித்துவிடுவாள்.

"இபி, எங்கடி இருக்கே?"

"இங்கதான்க்கா. ஒரு புழுவை நிம்மதியா தின்ன விடமாட்டியா?"

ஒருநாள் மரங்களையும் மண்ணையும் புரட்டிக்கொண்டு வெள்ளம் இறங்கியது. முதல் வேகம் கடந்தபோது இபி பக்கத்தில் இல்லை.

வெள்ள இரைச்சலில் யாரா கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. துடித்துத் தேடினாள். முன்னால் போவாள், பின்னால் ஏதோ அசைந்தது போலிருக்கும், திரும்பப் பொறுமையில்லாமல் அப்படியே பின்னோக்கி நீந்துவாள். உடம்பு வளைந்தால் தெரிவதெல்லாம் குழம்பியது. அதனால் குச்சிபோல விறைத்துக்கொண்டு, வயிற்றடித் துடுப்பை மட்டும் அலைத்து அலைத்துப் போனாள். முதுகுத் துடுப்பு உதிர்ந்துபோனதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தங்கையின் துடிப்பிலேயே கூப்பிட்டால், இது தன் துடிப்பாயிற்றே என்று இபி அடையாளம் கண்டு ஓடிவர மாட்டாளா? பாவம், தவிப்பு முற்றினால் புத்தி இப்படித்தான் போகும். தன் நிதானத்தை விட்டுவிட்டு, இபியைப் போலவே படபடவென்று துடித்தாள்.

சட்டென்று எல்லாம் இருண்டுபோனது. வேர் இல்லை, கல் இல்லை, மூக்குக்கு முன்னால் இருப்பதே தெரியவில்லை. ஆனாலும் இபிக்கு எட்டட்டும் என்று நிறுத்தாமல் துடித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் பார்வை திரும்பியது.

இரைச்சல் சற்று அடங்கியதும், மணலில் புதைந்து கிடந்த கிழட்டுத் திருக்கை ஒன்று பக்கத்தில் வந்தது.

"ஏம்மா, வந்தவளை ஏன் விட்டுட்டே?"

"யாரு வந்தா?"

"உன் தங்கச்சிதான். உன் வயித்துக்கு அடியிலேயே போனா. ரெண்டு பேரும் ஒரே மாதிரி துடிச்சீங்க. ஒண்ணோட ஒண்ணு கலந்து, ரெண்டு பேருக்குமே பார்வை போயிடுச்சு. அவ தடவித் தடவிப் பெரிய ஆத்துப் பக்கம் போயிட்டா."

ஒரு சாண் தூரத்தில் வந்த தங்கையை, கூப்பிட்ட கூப்பாட்டாலேயே யாரா தொலைத்திருந்தாள். பழைய துடிப்புக்கு மாறிப் பெரிய ஆற்றை நோக்கி விரைந்தாள். அதன் பிறகு அந்தத் துடிப்பை அவள் நிறுத்தவே இல்லை. நிறுத்துகிற நொடியில் இபி கடந்து போய்விட்டால் என்ன செய்வது?

அன்றைக்குப் பிடித்த தவிப்பால்தான் இன்றும் கத்திமீன் உடம்பை வளைக்காமல் முன்னும் பின்னும் அலைகிறது, உறங்கும்போதும் அதன் வாலில் துடிப்பு ஓய்வதில்லை. இரண்டு கத்திமீன்கள் எதிர்ப்பட்டு, துடிப்பு ஒன்றுபோல் ஆனால், உடனே ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் அதை மாற்றிக்கொள்கின்றன. வந்திருப்பது யார் என்று பார்த்துக்கொள்கின்றன. பிறகு மறுபடி தேடப் போகின்றன.