கொக்கனேந்தல் கண்மாயின் கடைசித் தண்ணீர்

கொக்கனேந்தலில் எவ்வளவு பெரிய வயல்காரரானாலும் கண்மாய் மடையில் கை வைக்கக் கூடாது. திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டியின் வேலை. அந்த நீர்க்கட்டி இருளாயி. கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் நெல். வருஷம் முழுக்க அவள் வீட்டில் உலை கொதிப்பது அதில்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பாதி வயலில் மட்டும் விதைப்பதென்று ஊர் கூடிப் பேசியது. பேசி என்ன? ஒரு மழையை நம்பி, ஊரிலேயே பெரிய வயல்காரரான சேதுராமு அம்பலம் முழுசும் விதைத்தார். அவரைப் பார்த்து மற்ற வயல்காரர்களும் விதைத்தார்கள். விளைச்சல் கூடினால் தனக்கும் நெல் கூடுமே என்று இருளாயி வாயை மூடிக்கொண்டாள்.

மார்கழி முடிவில் மிஞ்சியது ஒரே பாய்ச்சலுக்கான தண்ணீர். அம்பலம் தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி கரைக்கு வந்தார்.

"கதிர் பால் பிடிச்சு நிக்குது, இருளாயி. ஒரு தண்ணி விடு தாயி. பாதி விட்டா எல்லாம் மணி பிடிக்காம சாவியாப் போகும்."

பின்னாலேயே குடத்தோடு வந்தாள் கீழத்தெரு மாரிக்கண்ணு. அந்தத் தெருவுக்குக் கரையடிக் கிணறு ஒன்றுதான் குடிதண்ணீர். கண்மாய் வற்றினால் கிணறும் வற்றும்.

"அத்தை, மடையத் தொறந்துட்டா எம் பிள்ளைகளுக்கு எதைக் குடிக்கக் குடுப்பேன்?"

மூன்றாவது தரப்புக்குப் பேச வாயில்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் இறக்கை முளைக்காத நாரைக் குஞ்சுகள். சுற்றித் தண்ணீர் நிற்கும்வரைதான் காட்டுப்பூனை மரமேறாது.

இருளாயி மடைக்கம்பியைப் பிடித்தபடி நின்றாள். திறந்தால் கிணறும் குஞ்சும் போச்சு. திறக்காவிட்டால் வயலோடு அவள் உலையும் போச்சு. ஐயனாரைக் கூப்பிட்டு வாய்விட்டு அழுதாள்.

சொல்லுங்கள், அந்தத் தண்ணீர் யாருக்கு?

விடை: வயலுக்கு இல்லை. ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு என்று தலை எண்ணிச் சொன்னவர்கள் பாதிதான் சொன்னீர்கள். ஊர்ப் பேச்சை மீறியது யார்? மாரிக்கண்ணு விதைக்கவில்லை, நாரையும் விதைக்கவில்லை. மீறியவர்கள்தான் நட்டத்தைச் சுமக்க வேண்டும். குடிக்கிற தண்ணீரோ, பங்கு போடும் முன்பே ஒதுக்க வேண்டியது.

"நாமதான்யா தப்புப் பண்ணுனோம்" என்று இருளாயி கம்பியைக் கீழே போட்டாள். தை பிறந்தது, களத்தில் நெல் இல்லை. வயல்காரர்கள் குதிரில் பழைய நெல் இருந்தது. இருளாயி கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். இத்தனை பேர் செய்த தப்புக்கு ஒருத்தி மட்டும் பட்டினி கிடப்பது எந்த ஊர் நியாயம்?