கஞ்சிக் கரண்டி

டாக்டர் ஞானசிகாமணி சென்னைப்பட்டணத்தில் வெள்ளைக்காரர்களிடம் படித்தவர். ஆனாலும் திருநெல்வேலிச் சீமையில், தம்முடைய சிறிய ஆஸ்பத்திரியில், அவர் வைத்தியம் சொல்லிக்கொடுத்தது தமிழில்தான். இங்கிலீஷ் புத்தகங்களைத் தாமே தமிழில் பெயர்த்து எழுதி மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவார். படித்த பெரிய மனிதர்கள் இதைக் கேலி செய்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய மாணவர்களில் சுவிசேஷமுத்து கெட்டிக்காரன். டாக்டர் வெளியூர் போயிருந்த ஒருநாள், பனையேறிகள் குடியிருப்பிலிருந்து பேச்சி என்ற பெண் இருமலால் துவண்ட மகனைத் தூக்கிவந்தாள். சுவிசேஷமுத்து அபின் கலந்த இருமல் மருந்தை ஒரு பெரிய குப்பி நிறையக் கொடுத்து, "வேளைக்கு ஒரு கரண்டி" என்று சொல்லி அனுப்பினான். ஆஸ்பத்திரியில் கரண்டி என்றால் மருந்து அளக்கும் சின்னக் கரண்டி. டாக்டர் எழுதிய புத்தகத்திலும் 'கரண்டி' என்றுதான் இருந்தது.

பிள்ளை இருமல் அடங்கித் தூங்கினான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் ஊர் திரும்பியதும் சுவிசேஷமுத்து அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, மருந்தும் சரி, அளவும் சரி. அப்ப தப்பு எங்க?"

டாக்டர் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"வாரும்வே, போவோம்."

குடிசை வாசலில் பேச்சி இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் தேங்காய்ச் சிரட்டையில் காம்பு செருகிய பெரிய கரண்டி. ஒரு தடவை ஊற்றியதில் கும்பா பாதி நிறைந்தது. அந்த வீட்டில் வேறு கரண்டி கிடையாது.

சுவிசேஷமுத்து அந்தக் கரண்டியையே பார்த்தான். பாவி, என்ன காரியம் செய்துவிட்டான்!

பேச்சி அவர்களைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, சொன்னபடிதான் குடுத்தேன். ஒவ்வொரு வேளையும் என் கையாலதான் ஊத்துனேன். கடைசி வேளை புள்ள தலையத் திருப்பிட்டான், பாதி சிந்திப்போச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதான் மருந்து பத்தாமப் போச்சோ ஐயா?"

சுவிசேஷமுத்து வாயைத் திறந்தான். டாக்டர் அவன் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"இல்ல தாயி. நீ ஒரு குறையும் வைக்கல. மருந்துதான் தப்பு. என் ஆஸ்பத்திரியில தப்பான மருந்தைக் கலந்து குடுத்துட்டோம். உன் புள்ள செத்தது எங்களால."

பேச்சி அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். அவள் புருஷன் ஒரு பிடி மண்ணை வாரி டாக்டர் மேல் வீசினான்.

"இனி உம்ம ஆஸ்பத்திரி வாசல எங்க ஆளு ஒருத்தன் மிதிக்க மாட்டான். போம்!"

டாக்டர் சட்டையைக்கூடத் தட்டிவிடவில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

இருவரும் பனங்காட்டைத் தாண்டினார்கள். சுவிசேஷமுத்து அழுதுகொண்டே ஆரம்பித்தான்.

"அது எந்தக் கரண்டின்னு நான் கேக்கலையே ஐயா."

"நானும் உமக்குச் சொல்லித்தரல. புத்தகத்துல கரண்டின்னு எழுதுனவன் நான். யாரு வீட்டுக் கரண்டின்னு யோசிக்கல."

தமிழில் சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தவர் டாக்டர்.

"ஆனா மருந்து நல்ல மருந்துதானே ஐயா? ஏன் பொய் சொன்னீங்க? பாடுபட்டு எடுத்த பேரு இன்னையோட போச்சு. நாளைக்கு அம்மை குத்தப் போனாக்கூட இந்த ஊர்ல விட மாட்டாங்க. எத்தனை புள்ளைங்க சாகுமோ!"

"சாகும்வே. அது தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அளவக் காட்டிக் குடுக்காதது என் தப்புன்னு உள்ளதச் சொல்லியிருக்கலாமே ஐயா. பழி என்னோட போயிருக்குமே."

"சொல்லியிருக்கலாம்."

டாக்டர் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, மத்த ரெண்டு புள்ளைக்கும் நாளைக்கு அவ எந்தக் கரண்டியால கஞ்சி ஊத்துவா?"