எஸ்தர் உட்கார்ந்த நாற்காலி

எஸ்தருக்கு நடந்தது அநியாயம். அவளை ஏமாற்றுக்காரி என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் முனைவர்கள். அவளை ஒரு தடவை கூப்பிட்டு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

எஸ்தர் வேதியியல் முதலாண்டு மாணவி. உளவியல் துறையில் கயற்கண்ணி ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒருவர் நினைப்பது வாய் திறக்காமலே இன்னொருவருக்குப் போய்ச்சேருமா என்பது கேள்வி. மேசைக்கு நடுவே கழுத்தளவு உயரத்தில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் கயல், விளக்கு வெளிச்சத்தில் ஓர் அட்டையை உற்றுப் பார்ப்பாள். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை, அலை, இவற்றில் ஒன்று அதில் இருக்கும். எதிரே இருப்பவர் அது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே ஐந்துக்கு ஒன்று சரியாக வரும். வந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் வந்தது. எஸ்தருக்கு மட்டும் பாதிக்கு மேல் சரியாக வந்தது.

அந்த மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு இந்த முடிவைப் படித்தது. இப்படி நடக்க முடியாது, நடந்ததாகத் தெரிந்தால் யாரோ ஏமாற்றியிருக்க வேண்டும், ஆகவே அந்த மாணவி ஏமாற்றியிருக்கிறார் என்று முடித்துவிட்டது.

செய்தி விடுதிக்குப் போனது. குழம்புச் சட்டியைத் திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லச் சொல்லி மெஸ்ஸில் சிரித்தார்கள். வேதியியல் ஆய்வகத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், நம் விடையையும் பார்த்து எழுதிவிடுவாள் என்று இடம் மாறிப் போனாள். எஸ்தர் சாப்பிட வருவதை நிறுத்தினாள். மறுநாள் காலை அவளுடைய அப்பா டி.சி. வாங்க வருவதாக இருந்தது.

கயல் தன் வழிகாட்டி வசுந்தராவின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். வாதம் செய்வதற்கென்றே பிறந்தவள் என்று துறையில் அவளுக்குப் பெயர். அன்று அந்தப் பெயரைக் காப்பாற்றினாள். முடிவை முதலில் எழுதிவிட்டுச் சோதனையைப் பிறகு படிப்பது எந்த ஊர் விஞ்ஞானம் என்று கேட்டாள். இதே முறையில் ஒரு ஞாபகசக்தி மாத்திரையைச் சோதித்திருந்தால் கைதட்டியிருப்பார்கள் என்றாள். நம்பக் கூடாது என்று நம்புகிறவர்களுக்கும் சாமியாடிக்கும் என்ன வித்தியாசம் என்றாள்.

வசுந்தரா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"நீ சொல்றது சரிதான், கயல்."

"சரின்னா போதாது, மேடம். இது விஞ்ஞானமா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க. அதை வச்சுக்கிட்டு நான் அவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

வசுந்தரா எழுந்தார். "வா. எஸ்தர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டு."

சோதனை அறையில் திரையை இழுத்துவிட்டார்கள். கயல் விளக்கைப் போட்டாள். அட்டைகளைக் கலைத்து அடுக்கினாள். வசுந்தரா எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார்.

"அலை."

அலைதான்.

"வட்டம். நட்சத்திரம். மறுபடி நட்சத்திரம்."

ஒவ்வொரு அட்டையும் சரியாக இருந்தது. எஸ்தருக்குக்கூட இப்படி வந்ததில்லை. இத்தனை வருஷம் பக்கத்து அறையில் இருந்தவருக்கா இந்தச் சக்தி என்று கயல் வியந்தாள்.

"மேடம், உங்களுக்குமா?"

"கண்ணாடியைக் கழற்றி வச்சுட்டு அடுத்த அட்டையை எடு."

கயல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். வசுந்தரா சதுரம் என்றார். வந்தது சிலுவை. வட்டம் என்றார். வந்தது அலை. வரிசையாகத் தப்பு.

கயல் யோசிக்கவே இல்லை. பதில் தயாராக இருந்தது. "கண்ணாடி இல்லாம எனக்கே அட்டை சரியாத் தெரியல. எனக்கே தெளிவா இல்லாதது உங்களுக்கு எப்படி வந்து சேரும்?"

"முன்னாடி எப்பவாவது இப்படி ஆயிருக்கா?"

ஆகியிருந்தது. கண்ணாடி உடைந்து கடையில் கிடந்த வாரம் எஸ்தர் சொன்னதெல்லாம் தப்பாகப் போனது. அந்த வாரத்தைக் கயல் கணக்கில் சேர்க்கவில்லை. காரணமாக இதையேதான் எழுதியிருந்தாள்.

வசுந்தரா கயலின் கண்ணாடியை எடுத்துத் தாம் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து கயலை அந்தப் பக்கம் அனுப்பினார். ஓர் அட்டையை எடுத்து விளக்கடியில் பிடித்து, குனிந்து பார்த்தார்.

"தெரியலைன்னா கிட்ட வந்து என் முகத்தைப் பார்."

கயல் தடுப்பின் மேல் சாய்ந்து, மூக்கு இடிக்கும் நெருக்கத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியின் வில்லைக்கு ஒன்றாக இரண்டு குட்டி நட்சத்திரங்கள் மின்னிக்கொண்டிருந்தன.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். குழுவிடம் அவள் போட்ட சண்டை, விடுதியில் போட்ட சண்டை, ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு அவள் சொன்னதைக் கேட்டு வசுந்தராவே திடுக்கிட்டார்.

"அப்போ அவ ஏமாத்தித்தான் இருக்கா."

"யாரு?"

"எஸ்தர்தான், மேடம். பார்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கா. மூஞ்சியைப் பால் மாதிரி வச்சுக்கிட்டு. அவளுக்காகப் போய் நான்..." குரல் உடைந்தது. "நாளைக்கு அவங்க அப்பா கூட்டிட்டுப் போகட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

வசுந்தரா கண்ணாடியைக் கழற்றிப் புடவை முந்தானையில் துடைத்தார்.

"மத்தவங்க எல்லாம் எப்படிச் சொன்னாங்க?"

"கண்ணை மூடிக்கிட்டு."

"எஸ்தர் ஏன் மூடல?"

எஸ்தர் முதல் நாள் கேட்டிருந்தாள், அக்கா, கண்ணை மூடிக்கவா என்று. வேண்டாம், என் முகத்தையே பார், மனசில் என்ன பட்டாலும் யோசிக்காமல் சொல் என்று சொன்னது கயல்தான். அதை மெல்லிய குரலில் சொன்னாள்.

வசுந்தரா கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

"அவங்க மூணு பேரும் ஏமாத்துன்னாங்க. நீ இத்தனை நாளும் அதிசயம்னே. இப்போ நீயும் ஏமாத்துங்கறே. உனக்கு எப்படித் தெரியுதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட உங்க நாலு பேர்ல யாரு கேட்டீங்க?"